முதல் ரொட்டியை வாங்கிய கை

அத்தியாயம் பதினான்கு

சாம்பல் நிறக் கோட்டைப் போடுவதா, கறுப்புக் கோட்டைப் போடுவதா என்று டியோலிந்தா அரை மணி நேரமாக அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு என்றால் சாவு வீட்டுக்குப் போவது போல இருக்கும். சாம்பல் என்றால் ஞாயிறு பூசைக்குப் போவது போல இருக்கும். கோர்ட்டுக்கென்று ஒரு கோட்டு அந்த வீட்டில் யாரும் வாங்கி வைத்ததில்லை.

ஐம்பத்தொன்பது வயதில் முதன்முறையாகக் கோர்ட் படி ஏறப் போகிறாள். அதுவும் எப்படி? வழக்குப் போட்டிருப்பவன் கூடப்பிறந்த தம்பி. எதிர்த்தரப்பில் நிற்கப்போகிறவர் கட்டிய கணவர். இரண்டு பேருக்கும் நடுவில் சாட்சியாக இவள். எந்தக் கோட்டைப் போட்டால்தான் என்ன?

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேரும் அவளிடம் பேசிவிட்டார்கள். தம்பி வாலெரியோ போனில் பேசினான்.

"அக்கா, நீ பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல் ரொட்டியை உன் கையில குடுத்தேன், நீ வாங்கிக்கிட்டே. அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கணவர் அர்மிந்தோ சாப்பாட்டு மேஜையில் பேசினார்.

"சம்மன் வந்திருக்கு, போகாம இருக்க முடியாது. போ. ஆனா அது வழக்கமா வர்ற சனிக்கிழமை ரொட்டிதான்னு சொல்லிடு. நீதானே அன்னைக்கு அப்படிச் சொன்னே? பொய் ஒண்ணும் இல்லையே."

இரண்டு பேருக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஃபால் ரிவர் ஊரில் ஆளில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஜூன் மாதம் பரிசுத்த ஆவித் திருவிழா. அதை நடத்தும் ஊர்ச் சபையின் மண்டபத்துக்கு வருகிற எல்லோருக்கும், தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல், சூப்பும் இறைச்சியும் இனிப்பு ரொட்டியும் இலவசம். பத்து வருஷமாகத் திருவிழாச் சாமான்களைச் சபைக்காக வாங்கி வந்த ஸெஃபெரினோ, இந்த வருஷம் அதை ஏற்று நடத்தும் உபயகாரராகவும் வந்தார். மகளின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவிழா என் பொறுப்பு என்று வேண்டிக்கொண்ட மனிதர். மகள் பிழைத்தாள். மனிதர் பேக்கரிக்குப் போய், "ஆயிரத்து இருநூறு ரொட்டி. சபை பேர்ல வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

திருவிழா அன்று கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. செலவுக்குக் காசு சேர்க்க ஏலம் விட்ட கன்றுக்குட்டியைக் கேட்க நாலு பேர் இல்லை. உண்டியல் நிரம்பவில்லை. ஜூலையில் ஸெஃபெரினோ டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போனவர் போனவர்தான். அவருடைய போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

ரொட்டிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் டாலர் பாக்கி. சபையைக் கேட்டால், "அந்த ஆள் எங்களுக்காக வாங்கலை. எங்க பேரைச் சொல்ல அவனுக்கு உரிமையே இல்லை" என்கிறது. வாலெரியோவைக் கேட்டால், "நான் ஸெஃபெரினோ முகத்துக்கா குடுத்தேன்? சபை முகத்துக்குக் குடுத்தேன்" என்கிறான். சபைக்குத் தலைவர் வேறு யாருமில்லை, நம்ம அர்மிந்தோ பஷேக்கோதான்.

டியோலிந்தா கடைசியில் சாம்பல் கோட்டையே போட்டுக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய், கரண்டி வைக்கும் இழுப்பறைக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

கூடத்திலிருந்து அர்மிந்தோ கூப்பிட்டார்.

"லிந்தா, நேரமாச்சு. வண்டியைச் சூடு பண்ணிட்டேன்."

முப்பத்தாறு வருஷமாக அவள் ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சூடு பண்ணி வைக்கிற மனிதர். இன்றைக்கும் அதை விடவில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது.

*

ரபோசோ பேக்கரியில் கடுதாசிப் பழக்கம் கிடையாது. டியோலிந்தாவின் அப்பா ஜசிந்தோ ரபோசோவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்தை அவர் வெளியில் சொன்னதில்லை. "வாக்குக் குடுக்கிறவனுக்குக் காகிதம் எதுக்கு" என்று மீசையை முறுக்கிக்கொள்வார்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கல்யாணமோ திருவிழாவோ, பெரிய ஆர்டர் என்றால், அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி, யார் பேரில் ஆர்டரோ அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். வாசலில் நிற்பவர் கை நீட்டி வாங்கிவிட்டால் ஆர்டர் உறுதி. வேண்டாமென்றால் வாங்கக்கூடாது. மீதி மாவை அவர் வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்வார். துணி அந்த வீட்டிலேயே இருக்கும். பணம் கொடுக்க வரும்போது துணியும் கூடவே திரும்பி வரும். துணி திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அப்பா போய்ப் பதினாறு வருஷமாகிறது. வாலெரியோ அதே வழக்கத்தில்தான் கடையை ஓட்டுகிறான். ஜூன் மாதம் அந்த முதல் ரொட்டியை அவன் ஸெஃபெரினோ வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆர்டர் சபை பேரில். ஆகவே சபைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனான். வாசலில் நின்றது அக்கா.

அவள் வாங்கிக்கொண்டாள்.

வாங்கியிருக்கவே கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதன் காரணம்தான் மார்ச்சிலிருந்து ஏழு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

மார்ச் மாதம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டே அர்மிந்தோ சொன்னார்.

"ஸெஃபெரினோ போன வருஷமே இஷ்டத்துக்கு வாங்கித் தள்ளிட்டான். இனிமே சபை பேரைச் சொல்லி அவன் எதையும் வாங்கக்கூடாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம். திருவிழா நடத்தறதுன்னா அவன் கைக்காசைப் போட்டு நடத்தட்டும். இறைச்சிக் கடைக்கும் மளிகைக்கும் லெட்டர் போட்டாச்சு. உன் தம்பிக்கு எதுக்கு லெட்டர், வீட்டு மனுஷன். நீயே சொல்லிடு."

சொல்லத்தான் போனாள். மறுநாள் சனிக்கிழமை காலையில், இதே சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். கடையில் வாலெரியோ தனியாக நின்றான். வேலைக்கிருந்த இரண்டு பேரையும் நிறுத்திவிட்டிருந்தான். விற்காத ரொட்டி தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. "ஈஸ்டர் முடியட்டும் அக்கா, திருவிழா ஆர்டர் வந்துட்டா கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்" என்றான் அவன்.

அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே போயிற்று. அர்மிந்தோ ஒருநாள், "தம்பிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"உம்" என்றாள்.

ஜூன் மாதம் ரொட்டி வந்த அன்று சாயங்காலம் அவர் மேஜையில் அதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ரொட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை. அவருக்கு அது உறைக்கவில்லை.

"உம்" என்றாள் மறுபடியும்.

அவள் சொன்னது இந்த இரண்டு 'உம்'தான். சபைக்குத் தெரிந்தால் தம்பியின் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள், திருவிழா நல்லபடியாக நடந்துவிட்டால் ஸெஃபெரினோ எப்படியாவது கொடுத்துவிடுவார், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். மழை வரும் என்று அந்தக் கணக்கில் இல்லை.

*

சின்ன வழக்குகளைப் பார்க்கும் அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த நடுவர் டெலேனி அம்மாளுக்கு ஜலதோஷம். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்டார்.

பின்வரிசையில் சபை ஆட்கள் மூன்று பேர். செயலாளர் ஓரேலியோ காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மேட்ச் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

வாலெரியோ எழுந்து நடந்ததைச் சொன்னான். கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. முதல் ரொட்டி வழக்கத்தைச் சொன்னபோது டெலேனி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதி வாங்கினது எதுவும் இல்லையா?"

"இல்லைங்கம்மா. எங்க கடையில அப்படித்தான்."

"ஸெஃபெரினோ சபைக்காகத்தான் வாங்கறார்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அவரே சொன்னாரு. பத்து வருஷமா அவர்தான் வந்து சொல்லுவாரு, சபைதான் பணம் தரும். இந்த வருஷம் மட்டும் இல்லைன்னா நான் எப்படிங்கம்மா கண்டுபிடிக்கறது? அவர் நெத்தியிலயா எழுதியிருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

டெலேனி அம்மாள் அர்மிந்தோ பக்கம் திரும்பினார்.

"மார்ச்லயே அவருடைய உரிமையை எடுத்துட்டோம்னு சொல்றீங்க. மத்த ரெண்டு கடைக்கும் லெட்டர் போயிருக்கு, நகல் இங்க இருக்கு. பேக்கரிக்கு மட்டும் ஏன் போகலை?"

"அவர் என் மச்சினன்."

"அதனால?"

அர்மிந்தோவுக்குப் புரியவில்லை. மச்சினனுக்கு யாராவது ரிஜிஸ்டர் தபால் அனுப்புவார்களா? அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? இதை எப்படி இந்த அம்மாளுக்கு விளக்குவது என்று அவர் திணறினார்.

"வீட்டு மனுஷருக்கு வாய்வார்த்தையா சொல்லி அனுப்பினேன்."

"யார் மூலமா?"

"என் மனைவி மூலமா. அவ சொல்லிட்டா. நான் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்."

வாலெரியோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"என்ன அத்தான் இது? யார் சொன்னா? எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. அக்கா மேல பழியைப் போட்டுத் தப்பிக்கப் பாக்கறீங்களா?"

"நீ உக்காரு வாலெரியோ. உங்க அக்கா இங்கதான் இருக்கா. அவளையே கேட்டுடு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் கொஞ்சங்கூடச் சந்தேகம் இல்லை. சொன்னேன் என்பாள் என்று கணவர் நம்பினார். சொல்லவில்லை என்பாள் என்று தம்பி நம்பினான். அவ்வளவு நம்பிக்கையை ஒரே நேரத்தில் அவள் எப்படித் தாங்குவாள்?

டெலேனி அம்மாள் அவளை முன்னால் வரச் சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"உங்க கணவர் சொன்ன செய்தியை உங்க தம்பிகிட்ட சொன்னீங்களா?"

சொன்னேன் என்று ஒரு வார்த்தை. வீடு தப்பிக்கும். தம்பி ஊரார் முன்னால் பொய்யனாகிவிடுவான். தொண்டையில் அந்த 'உம்' வந்து நின்றது. மூன்றாவது முறை.

அவள் கைப்பையைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓரத்தில் அம்மா சிவப்பு நூலால் போட்ட, அப்பா பேரின் ஜே, ஆர் என்ற எழுத்துகள்.

"சொல்லலை" என்றாள்.

டெலேனி அம்மாள் மூக்கைத் துடைக்க எடுத்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான் போனேன். கடையைப் பாத்ததும் சொல்ல முடியலை. இந்த ஆர்டரும் போயிட்டா அவன் என்ன பண்ணுவான்னு தோணிச்சு. இவர் வந்து சொல்லிட்டியான்னு கேட்டார். சொல்லிட்டதா காட்டிக்கிட்டேன். இவர் மேல தப்பில்லை. இவருக்கு எதுவும் தெரியாது."

"அந்த ரொட்டி?"

"ரெண்டு கையாலயும் வாங்கினேன். வாங்கினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ரபோசோ வீட்டுப் பொண்ணு நான். இவர் சனிக்கிழமை ரொட்டியான்னு கேட்டார். ஆமாம்னு சொல்லிட்டேன். அன்னைக்கு வியாழக்கிழமை. துணி இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. பணம் போகலை, அதனால துணியும் போகலை."

அவள் கணவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். ஜெயித்த முகமாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் தபாலில் வரும் என்று சொல்லி டெலேனி அம்மாள் அடுத்த கோப்பை எடுத்தார். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம்.

*

வெளியே படிக்கட்டில் ஓரேலியோ காத்திருந்தார்.

"தலைவரே, இனிமே சபை லெட்டரையெல்லாம் உங்க வீட்டம்மாகிட்டயே குடுத்துடலாம். ஸ்டாம்ப் செலவு மிச்சம்."

அர்மிந்தோ முப்பது வருஷம் சபைக்காக உழைத்த மனிதர். வாய்க்கு வாய் திருப்பிக் கொடுப்பவர். இன்றைக்குக் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி நின்றார். அந்த மூன்று பேரும் தெருவைக் கடந்து போகும்வரை நின்றார்.

பிறகு வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ ஓட்டிட்டுப் போ."

"நீங்க?"

"நடந்து வர்றேன்."

"மேடு ஏறணுமே. முழங்கால் வலிக்கும்."

"ஏழு மாசம், லிந்தா." அவர் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "ஏழு மாசம் தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டே. நான் சபையில எழுந்து நின்னு, என் மச்சினன் தெரிஞ்சே ஏமாத்தறான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வீட்டுக்கு வந்து உங்கிட்டயும் சொன்னேன். நீ சூப்பு ஊத்திக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தே."

அவள் சாவியைத் திருப்பி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அவனைத் திருடன்னு சொல்ல வெச்சுட்டியே என்னை" என்றார் அவர். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பார்க்கவில்லை.

வண்டிக்குள் இன்னும் காலைச் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது.

*

பேக்கரியில் மதிய விற்பனை முடிந்துவிட்டிருந்தது. கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை தொங்கியது. டியோலிந்தா பின்பக்கமாகப் போனாள். அந்தக் கதவை எப்படித் தூக்கித் திறக்கவேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

வாலெரியோ கல்யாணச் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கிண்ணம் கீரை சூப்பு. தொடவில்லை.

"சாப்பிடுடா, ஆறிப்போகுது."

"பசிக்கலை."

அவள் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு அவள் பக்கமே தள்ளினான்.

"பணம் வரலையே. துணி மட்டும் எப்படி வரும்? அப்பா இருந்தா வாங்குவாரா?"

"நீ ஜெயிச்சிடுவேன்னு தோணுது, வாலெரியோ. அந்தம்மா துணியையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

"ஜெயிப்பேன். ஆறாயிரம் வரும். மண்டபக் கூரைக்கு வெச்சிருக்கற காசை எடுத்துக் குடுப்பாங்க. அப்புறம் மழைக்காலத்துல ஒழுகறப்போ எல்லாம் எம்பேரைச் சொல்லித் திட்டுவாங்க." அவன் கரண்டியால் சூப்பைக் கிளறினான். "அதை விடு. ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"கோர்ட்ல சொன்னேனேடா. உனக்கு இந்த ஆர்டரும் இல்லேன்னா கடை போயிடும்னு பயந்தேன்."

வாலெரியோ எழுந்து, கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு நீளக் கவரை எடுத்துவந்தான்.

"நீ அன்னைக்கு வந்தே, ஞாபகம் இருக்கா? மார்ச்ல. கோட்டுப் பையில கையை விட்டுக்கிட்டு அதோ அங்க கால் மணி நேரம் நின்னே. ஏதோ சொல்ல வந்திருக்கேன்னு தெரிஞ்சுது. அத்தானோட ஏதாவது சண்டையா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு நான் கேக்கலை."

"ஆமா."

"இந்தக் கவர் அன்னைக்கு இந்த டிராயர்லதான் இருந்துது."

அவள் பிரித்தாள். பிராவிடன்ஸ் நகரத்து முகவரி. பீட்ஸா அடிமாவு செய்து கடைகளுக்குப் போடுகிற ஒரு கம்பெனி. கட்டிடத்தையும் அடுப்பையும் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. விலையைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல விலைதான்" என்றான் வாலெரியோ. "கடனெல்லாம் அடைச்சு, கையில கொஞ்சம் வெச்சுக்கிட்டு, மானமா மூடியிருக்கலாம். பாதி கடை உன் பேர்ல இருக்கு, நீயும் கையெழுத்துப் போடணும். அன்னைக்கு உங்கிட்ட காட்டணும்னுதான் இருந்தேன். அப்பா கடையை விக்கறேன்னு உன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீ கிளம்பிப் போயிட்டே. ஈஸ்டருக்கு அப்புறம் ஸெஃபெரினோ வந்தாரு. ஆயிரத்து இருநூறு ரொட்டின்னாரு. சரி, இன்னும் ஓட்டலாம் போலிருக்குன்னு இவங்களுக்கு வேண்டாம்னு எழுதிட்டேன். புது மிக்ஸருக்குக் கடன் வாங்கினேன். ரெண்டு பேரையும் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன்."

அவள் கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். மார்ச் பன்னிரண்டு. ஒரே கூரையின் கீழ், ஒரே சனிக்கிழமை, அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு விஷயத்தை விழுங்கியிருக்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இழுப்பறையைத் திறந்திருப்பான். தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று அவனுக்கு இருந்த ஒரே வழியை அவளே அடைத்துவிட்டிருக்கிறாள். இதை எண்ணியபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"என்னைத் திட்டிடுடா" என்றாள்.

"உன்னை என்னன்னு திட்டறது? எனக்கு நல்லது நினைச்சேன்னா?" அவன் கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். "பாதிதான் கோபம். மிச்சப் பாதி நானே பட்டுக்கணும். நானும்தானே வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். அதே கம்பெனி. அக்டோபர் தேதி. விலை மட்டும் முன்பு சொன்னதில் பாதி.

"மறுபடி கேட்டிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். பேர்ப்பலகை வேண்டாமாம், கழட்டிடுவாங்களாம். கட்டிடமும் அடுப்பும் போதுமாம்."

"நீ என்ன நினைக்கறே?"

"நான் நினைக்கறதைக் கடைசியில சொல்றேன். முதல்ல நீ சொல்லு. விக்கலாமா, வேண்டாமா? எனக்காகப் பாத்துச் சொல்லாதே. அப்பாவுக்காகவும் வேண்டாம். உன் மனசுல என்ன இருக்கோ அதை வாயைத் திறந்து சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

அவள் அடுப்பைப் பார்த்தாள். இரும்புக் கதவில் அப்பா கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம் பளபளவென்றிருந்தது. விற்கவேண்டும் என்றும் தோன்றியது, கூடாது என்றும் தோன்றியது. எது தம்பிக்கு நல்லது என்று மனம் பழக்கதோஷத்தில் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலையில வந்து சொல்றேன்" என்றாள். "எதுவானாலும் சொல்லிடறேன்."

"சரி."

அவள் துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தூக்கித் திறக்கும்போது அவன் பின்னாலிருந்து கேட்டான்.

"அக்கா, நாளைக்குச் சனிக்கிழமை. ரொட்டி அனுப்பட்டுமா?"

முப்பது வருஷமாக அவன் சனிக்கிழமைதோறும் இரண்டு ரொட்டி அனுப்புகிறான். அவளுக்குச் சோள ரொட்டி. அத்தானுக்கு இனிப்பு ரொட்டி. தொண்டைவரை வந்த 'உம்'மை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"நானே வந்து வாங்கிக்கறேன்."

"வழக்கம்போல ரெண்டா?"

அவள் வாசலில் நின்றாள். மேட்டுப்பாதையில் அர்மிந்தோ இந்நேரம் வீட்டை அடைந்திருக்கலாம். அடைந்தும் உள்ளே போகாமல் மண்டபத்துக்கே போயிருக்கலாம். அவர் இனி இந்தக் கடை ரொட்டியைத் தொடுவாரா, அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு வெச்சுடு" என்றாள். "இன்னொண்ணு, வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."